கணவாய் காத்த ஊர்: பிரியான்சோனும் அதன் பள்ளத்தாக்குகளும்

பிரான்சின் தென்கிழக்கு மூலையில், கடல்மட்டத்திலிருந்து 1326 மீட்டர் உயரத்தில் ஒரு பாறைத் திட்டின்மேல் பிரியான்சோன் நகரம் அமைந்திருக்கிறது. அங்கிருந்து மலைச் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர் ஏறினால் இத்தாலியின் எல்லை வந்துவிடும். மக்கள்தொகை 12,000 அளவில்தான். ஆனாலும் பிரெஞ்சு அரசு ஆவணங்களிலும் படைத்துறை வரைபடங்களிலும் இந்தச் சிறிய ஊருக்கு முந்நூறு ஆண்டுகளாகப் பெரிய இடம் இருந்துவந்தது. அதற்கான காரணம் ஊரில் இல்லை, ஊரைச் சுற்றியுள்ள நில அமைப்பில் இருக்கிறது.

நாலா திசைப் பள்ளத்தாக்குகளும் இங்கே வந்து கூடுகின்றன. வடமேற்கிலிருந்து கிசான் ஆறு இறங்கி வருகிறது. அதன் கரையோரமாகப் போகும் சாலை லோத்தரே கணவாயைத் தாண்டி கிரனோபிள் நகருக்குச் செல்கிறது. தென்கிழக்கிலிருந்து வருவது செர்வெரெத். அந்தப் பக்கத்துச் சாலை இஸோவார் கணவாயில் ஏறி கெராஸ் பள்ளத்தாக்கில் இறங்கும். வடக்கிலிருந்து கிளாரே ஆறும், மொன்ஜெனேவ்ர் கணவாய்ப் பக்கத்திலிருந்து துரான்ஸ் ஆறும் வந்து ஊருக்குச் சற்று மேலே கலக்கின்றன. கலக்கும் இடத்தில் கிளாரேதான் நீளமான ஆறு. இருந்தும் அதற்குக் கீழே ஓடும் நீருக்கு துரான்ஸ் என்ற பெயரே நிலைத்துவிட்டது. தெற்கே அந்த துரான்ஸின் போக்கில் போனால் காப் நகரத்தையும், கடைசியில் புரொவான்ஸ் சமவெளியையும் அடையலாம்.

இந்த வழிகளில் தலையாயது மொன்ஜெனேவ்ர் கணவாய். அதன் உயரம் 1850 மீட்டர் அளவே. மேற்கு ஆல்ப்ஸில் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடையே ஆண்டு முழுவதும் வண்டிகள் போய்வரக்கூடிய கணவாய்கள் மிகக் குறைவு, இது அவற்றில் ஒன்று. பெருங்கணவாய்கள் பலவும் பனிக்காலத்தில் மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும்போது இந்த வழி திறந்திருக்கும். ஆகவே வணிகனும் யாத்திரிகனும் படைத்தலைவனும் இதையே நாடினார்கள். கணவாயில் ஏறுகிறவன் பிரியான்சோனைக் கடந்தே ஆக வேண்டும்.

ரோமர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். கணவாயின் இத்தாலியப் பக்கம், சூசா என்ற ஊரில் கோத்தியஸ் என்னும் மலைநாட்டு அரசன் ஆண்டுவந்தான். அகஸ்டஸ் சீசரோடு போரிடாமல் உடன்பாடு செய்துகொண்டு, ரோமப் பேரரசின் அதிகாரியாகவே தன் நாட்டைத் தொடர்ந்து ஆளும் உரிமையைப் பெற்றான். அந்த உடன்பாட்டின் நினைவாக கி.மு. 9–8 இல் எழுந்த வளைவு சூசாவில் இன்றும் நிற்கிறது. அவன் ஆட்சிக்குட்பட்ட பதினான்கு குடிகளின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்த மலைத்தொடருக்கு வழங்கும் கோத்தியன் ஆல்ப்ஸ் என்ற பெயரும் அவனிடமிருந்து வந்ததே. ரோமுக்கு வடக்கே விகாரெல்லோ என்னும் இடத்து ஊற்றில் 19ஆம் நூற்றாண்டில் நான்கு வெள்ளிக் கோப்பைகள் கிடைத்தன. ஸ்பெயினின் காதிஸிலிருந்து ரோம் வரைக்குமான பயணத் தங்கல்கள் அவற்றின்மேல் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அந்த வரிசையில் பிரிகான்சியோ என்று வருவதுதான் இன்றைய பிரியான்சோன்.

ரோமர் காலத்துக்குப் பிந்தைய நூற்றாண்டுகளை இங்கே விரிக்கத் தேவையில்லை. இடைக்காலத்தில் இப்பகுதி தோஃபினே என்ற சிற்றரசின் கீழ் வந்தது என்பதைச் சொன்னால் போதும். அதன் ஆட்சியாளர்களுக்கு தோஃபன் என்று பட்டம். இந்த அரசைப்பற்றி ஒரு செய்தியை நினைவில் நிறுத்த வேண்டும். அதன் எல்லை மலைமுகட்டோடு முடியவில்லை. முகட்டின் இரு பக்கமும், இன்று இத்தாலியிலுள்ள ஊல்க்ஸ், பிரஜெலாத்தோ போன்ற ஊர்களும் சேர்ந்து, ஒரே நாடாக அது இருந்தது. முகட்டுக்கு இப்புறம் இருந்தவர்களும் அப்புறம் இருந்தவர்களும் ஒரே ஆக்சிதான் மொழியின் வட்டார வழக்குகளைப் பேசினார்கள். கோடையில் ஒரே மேய்ச்சல் நிலங்களில் ஆடுமாடுகளை ஏற்றினார்கள், ஒரே சந்தைகளில் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தார்கள்.

பிரியான்சோன் வரலாற்றின் மிக உயர்ந்த பக்கம் இந்தக் காலத்தில்தான் எழுதப்பட்டது. கடைசி தோஃபனாகிய இரண்டாம் உம்பெர் கடனில் மூழ்கியிருந்தான். ஒரே மகனும் இறந்துவிட்டான். மலைமக்களிடம் பணம் இருந்தது, அவனிடம் இல்லை. 1343ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் அவன் ஒரு சாசனத்தில் கையொப்பமிட்டான். அதன்படி பிரியான்சோனைச் சுற்றியிருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்ச் சமுதாயங்கள், 12,000 பொன் ஃபுளோரின் ரொக்கமாகவும் ஆண்டுதோறும் 4,000 டூகட் கட்டணமாகவும் செலுத்துவதாக ஒப்புக்கொண்டு, நிலப்பிரபுத்துவக் கடமைகள் அனைத்திலிருந்தும் விடுதலை பெற்றன. அடிமை ஊழியம் இல்லை. பிரபுவுக்கென்று தனி வரி இல்லை. மக்கள் கூடிப் பேசலாம், தங்கள் நிர்வாகிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம், வரியைத் தங்களுக்குள் தாங்களே பங்கிட்டுக்கொள்ளலாம். தோஃபனுக்கு வணக்கம் செலுத்தும்போது பணிவின் அடையாளமாகக் குடியானவன் செய்யும் முறையை விட்டு, சுதந்திரக் குடிமகனாக அவன் மோதிரத்தில் முத்தமிடும் உரிமையும் சாசனத்தில் சேர்ந்தது.

இந்த ஊர்கள் ஐந்து கூட்டங்களாக அமைந்தன. அவற்றுக்கு எஸ்கார்தோன் என்று பெயர். பிரியான்சோன், கெராஸ் ஆகிய இரண்டும் முகட்டின் மேற்கே இருந்தன. ஊல்க்ஸ், பிரஜெலாத்தோ, காஸ்தெல்தெல்ஃபீனோ ஆகிய மூன்றும் கிழக்கே. மலை குறுக்கே நின்றும் கூட்டாட்சி குலையவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1349இல், உம்பெர் தன் நாட்டையே பிரெஞ்சு அரச குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டான். பிரான்சின் பட்டத்து இளவரசனுக்கு தோஃபன் என்ற பட்டம் அதிலிருந்துதான் வந்தது. சாசனம் மட்டும் அழியவில்லை. பிரெஞ்சு மன்னர்கள் அடுத்தடுத்து அதை உறுதிசெய்தார்கள். 1789இல் புரட்சி வெடித்துப் பழைய சலுகைகள் அனைத்தும் நீக்கப்படும்வரை, நானூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது நடைமுறையில் இருந்தது. ஐரோப்பிய ஆல்ப்ஸில் மக்களாட்சி என்றாலே சுவிட்சர்லாந்து மட்டும் பேசப்படுகிறது. இந்த மலைமக்களுக்கும் அந்தப் பெருமையில் பங்குண்டு. அவர்கள் வாள் எடுத்துப் போராடவில்லை. விலை கொடுத்து, எழுத்தில் வாங்கி, அந்த எழுத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள்.

எழுத்தில் வாங்கிய உரிமையைக் காக்க எழுத்தறிவு வேண்டும். நீண்ட பனிக்காலமும் அதற்கு வாய்ப்பாக அமைந்தது. வயலில் வேலை இல்லாத அந்த மாதங்களில், கால்நடைகளின் வெப்பத்தில் கதகதக்கும் தொழுவத்திலேயே பிள்ளைகள் பாடம் படித்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் மிகுதியாக இருந்த பகுதிகளில் பிரியான்சோன் வட்டாரம் ஒன்று. கல்வி இங்கே ஏற்றுமதிப் பொருளாகவும் ஆனது. இலையுதிர் காலத்தில் இந்த ஊர்களின் இளைஞர்கள் கீழ்நாட்டுச் சந்தைகளுக்கு இறங்கிப் போவார்கள். தொப்பியில் இறகு செருகியிருக்கும். ஓர் இறகு என்றால் வாசிக்கக் கற்றுத்தருவார், இரண்டு என்றால் கணக்கும் சொல்லித்தருவார், மூன்று இறகு என்றால் லத்தீனும் வரும். ஊர்க்காரர்கள் பார்த்து, பேசி, ஒரு பனிக்காலத்துக்கு ஆசிரியராக அமர்த்திக்கொள்வார்கள். பனி உருகியதும் அவர் சம்பளத்தோடு மலையேறி வந்து தம் வயலில் இறங்கிவிடுவார்.

அதே கூட்டு ஒழுக்கம் வாய்க்கால்களிலும் தெரியும். மலையுச்சிகளில் பனி மிகுந்தாலும் இந்தப் பள்ளத்தாக்குகளில் மழை குறைவு, வெயில் அதிகம். ஆகவே ஓடைகளின் மேல்மடையில் நீரை மறித்து, மலைச்சரிவின் குறுக்கே நீண்ட வாய்க்கால்கள் வெட்டி, முறைவைத்துப் பாய்ச்சினார்கள். கிசான் பள்ளத்தாக்கில் அவற்றில் சில இன்னும் ஓடுகின்றன. கரையோரமாக நடப்பதற்கு அவற்றைவிட நல்ல பாதை இல்லை. ஏற்றமும் இறக்கமும் இல்லாத சமநடை, ஒரு பக்கம் லார்ச் மரக்காடு, மறுபக்கம் கீழே ஊர்.

இந்த அமைதியை 17ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள் குலைத்தன. 1692 ஜனவரியில் ஏற்பட்ட தீயில் நகரத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது. மரக்கூரை, மரச்சுவர், நெருக்கமான தெரு, ஆகையால் தீ நிற்கவில்லை. அதே ஆண்டு கோடையில் இத்தாலியப் பக்கத்து அண்டை நாடான சவாயின் கோமகன் இரண்டாம் விக்டர் அமதேயஸ், பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயிக்கு எதிரான கூட்டணியில் நின்று, தெற்குக் கணவாய்கள் வழியே தோஃபினேக்குள் படையோடு புகுந்தான். எம்ப்ரன், காப் ஆகிய ஊர்கள் வீழ்ந்தன. அவன் நெடுநாள் நிற்காமல் திரும்பிவிட்டாலும் வெர்சாயில் அரசவை கலங்கிப்போனது. வடக்கிலும் கிழக்கிலும் இரும்புக் கதவு போட்டிருந்த அரசன், ஆல்ப்ஸ் பக்கம் வாசல் திறந்தே கிடப்பதைக் கண்டான். உடனே வோபானை அனுப்பினான்.

செபாஸ்தியன் வோபான் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கோட்டைப் பொறியாளர். பீரங்கிக் குண்டைத் தாங்கும் தாழ்ந்த, தடித்த மதில்கள், ஒன்றையொன்று காக்கும்படி முனைகளை நீட்டிய கொத்தளங்கள் என்று கோட்டை கட்டுவதை ஒரு கணிதக் கலையாக்கியவர். அவர் பாணியின் நிழல் தமிழ்நிலத்திலும் விழுந்திருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் 1706இல் கட்டிமுடித்து, 1761இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய லூயி கோட்டை, வோபானின் தூர்னே கோட்டையை மாதிரியாகக் கொண்டதுதான். ஆனால் அவர் கற்ற வித்தையெல்லாம் சமவெளிக்கு உரியது. பிரியான்சோனில் சுற்றிலும் மதிலைவிட உயரமான மலைகள் நின்றன. எதிரி அந்த மேட்டில் பீரங்கியை ஏற்றிவிட்டால் எந்த மதிலும் பயன்படாது. 1692இன் முடிவில் வந்து பார்த்த அவர், இடத்தின் கரடுமுரடைக் கண்டு வியந்தார். தம் விதிகளை நிலத்துக்கேற்ப வளைத்தார். ஊர் மதில் சரிவைப் பின்பற்றிப் படிப்படியாக ஏறியது. மேட்டிலிருந்து வரும் குண்டு மதிலின் உட்புறத்தைத் தாக்காதபடி குறுக்குத் தடுப்புகள் எழுந்தன. சுற்றியிருக்கும் உயரங்களில் தனித்தனிக் கோட்டைகள் வேண்டும் என்பதை 1700இல் இரண்டாம் முறை வந்தபோது அவர் வரைந்து கொடுத்தார். தெற்கே துரான்ஸ் பள்ளத்தாக்கில் மோன்-தோஃபன் என்ற புதிய கோட்டை நகரத்துக்கும் 1693இல் அவர் திட்டத்தின்படி கால்கோள் நடந்தது.

இன்றைய மேலூர், அதாவது மதிலுக்குள் இருக்கும் பழைய நகரம், அந்தத் தீக்கும் அந்தத் திட்டத்துக்கும் பிறகு எழுந்தது. பினெரோல் வாசல் வழியாக நுழைந்தால் முதன்மைத் தெரு செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. தெருவின் நடுவே கல் பதித்த ஒரு கால்வாய், அதில் மலைநீர் துள்ளி ஓடுகிறது. இதை ஊரார் கர்குய் என்கிறார்கள். பெரிய தெருவில் பெரிய கர்குய், பக்கத்துத் தெருவில் சிறியது. தீப்பிடித்தால் உடனே கதவடைத்து நீரைத் தேக்கி மொண்டு ஊற்றுவதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. அலங்காரமென்று நினைத்துப் படமெடுக்கும் பயணிகளுக்கு, ஊர் பலமுறை எரிந்த கதையைச் சொல்லாமல் இந்த நீரைக் காட்டுவது பாதி காட்டுவதே. இரு பக்கமும் மஞ்சள், காவி, இளஞ்சிவப்புச் சாயம் பூசிய உயர்ந்த கல் வீடுகள். மரத்துக்குப் பதில் கல் என்பதும் தீ கற்பித்த பாடம்தான்.

ஊரின் விளிம்பில், மதிலோடு ஒட்டி, இரட்டைக் கோபுரங்களோடு நிற்பது நோத்ர்-தாம் திருச்சபைக் கோயில். 1703 முதல் 1718 வரை கட்டப்பட்டது. பழைய கோயில் இருந்த இடம் பாதுகாப்புக்கு இடைஞ்சல் என்று கருதியதால் கோயில் இந்த விளிம்புக்கு வந்தது. இறைவன் ஆலயத்தின் சுவரும் காவல் சுவரின் கணக்கில் சேர்ந்துவிட்டது. அதன் வெளிச்சுவரில் சூரியக் கடிகாரங்கள் வரைந்திருக்கின்றன. இந்த மாவட்டம் முழுவதிலும், கெராஸ் வரையில், கோயில் சுவரிலும் வீட்டுச் சுவரிலும் இப்படிப்பட்ட கடிகாரங்கள் மிகுதி. 19ஆம் நூற்றாண்டில் பியெட்மாண்டிலிருந்து மலை தாண்டி வந்த சர்புலா என்ற நாடோடிக் கலைஞர் அவற்றில் பலவற்றை வரைந்தார். மயில், பூச்சாடி, பளிங்கு போலத் தோற்றும் சட்டம் என்று அவர் கை தனியாகத் தெரியும். வெயில் மிகுந்த நாட்டில்தான் இந்தக் கலைக்குச் சோறு கிடைக்கும்.

ஊருக்கு மேலே பழைய கோட்டைப் பாறையில் சிற்பி புர்தெல் வடித்த பிரான்சுத் தாயின் பெருஞ்சிலை நிற்கிறது. ஈட்டியை ஊன்றி, கையை நெற்றிக்கு மேல் வைத்துத் தொலைவைப் பார்க்கும் வீராங்கனை.

இவ்வளவு கவனமாகக் கட்டிய கோட்டை நகரத்தின் வாசலுக்கே எல்லையைக் கொண்டுவந்து வைத்தது 1713ஆம் ஆண்டின் உத்ரெக்ட் உடன்படிக்கை. ஐரோப்பியப் பேரரசுகள் ஸ்பெயின் அரியணைச் சண்டையை முடித்துக்கொண்டபோது, ஆல்ப்ஸில் எல்லைக்கோடு மலைமுகட்டின் நீர்பிரி மேட்டிலேயே போக வேண்டும் என்று விதித்தார்கள். மழைநீர் எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கம் அந்த நாடு. மேசையில் விரித்த வரைபடத்துக்கு இது மிக எளிய விதி. துரான்ஸ் ஆறும் தோரா ஆறும் மொன்ஜெனேவ்ருக்கு அருகருகே பிறந்து, ஒன்று மத்தியதரைக் கடலுக்கும் மற்றொன்று போ ஆற்றின் வழியாக அட்ரியாட்டிக்குக்கும் போகின்றன. ஆனால் மனிதர்கள் நீர் போல வாழவில்லை. ஐந்து எஸ்கார்தோன்களில் கிழக்கிலிருந்த மூன்றும் சவாய் வசம் போயின, மேற்கிலிருந்த இரண்டு மட்டும் பிரான்சில் நின்றன. பதிலாக பிரான்ஸ் தெற்கே பார்சலோனெத் பள்ளத்தாக்கைப் பெற்றுக்கொண்டது. முந்நூற்று எழுபது ஆண்டுகள் ஒரே சாசனத்தின் கீழ்க் கூடி வாழ்ந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த ஊரின் கதையில் மிகப் பெரிய இழப்பு எதுவென்றால் தீயும் படையெடுப்பும் அல்ல, இதுதான்.

எல்லை கணவாய்க்கே நெருங்கி வந்ததும் மேட்டுக் கோட்டைகள் அவசரமாயின. வோபான் 1707இலேயே காலமாகிவிட்டார். அவர் விட்டுச்சென்ற கருத்துகளை அடுத்த தலைமுறைப் பொறியாளர்கள் பெருக்கினார்கள். ஊருக்கு மேலே சலெத் கோட்டை, ஆற்றுக்கு அக்கரையில் தெத் கோட்டை, அதற்கும் மேலே ராண்டுயே கோட்டை. தெத் கோட்டை ஒன்றே மதிலுக்குள் இருக்கும் ஊரைவிடப் பரப்பில் பெரிது. அதையும் ராண்டுயேவையும் இணைக்க, பள்ளத்தின் குறுக்கே மூடிய கல்வழி ஒன்று, சுமார் 200 மீட்டர் நீளத்துக்குக் கட்டினார்கள். படைவீரன் எதிரியின் கண்ணில் படாமல், பனிக்கும் அஞ்சாமல் கடந்து போகலாம்.

இவற்றில் எல்லாம் கண்ணை நிறைப்பது அஸ்ஃபெல்ட் பாலம். ஊருக்கும் தெத் கோட்டைக்கும் நடுவே துரான்ஸ் ஆறு ஆழ்ந்த பிளவில் ஓடுகிறது. அந்தப் பிளவின்மேல் 1731இல் முடிந்த இந்தப் பாலம் ஒற்றை வளைவில் சுமார் 38 மீட்டர் பாய்ந்து, ஆற்றுமட்டத்திலிருந்து 56 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. இடையில் தூண் இல்லை. கீழே மரச்சாரம் நிறுத்துவதே உயிர்ப்பணயம் வைக்கும் வேலையாக இருந்திருக்கும். பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்ப்பவருக்கு, இதைப் படைத்துறைக் கட்டுமானம் என்று மட்டும் சொல்லத் தோன்றாது.

2008இல் யுனெஸ்கோ, வோபானின் கோட்டைகள் என்ற தொகுப்பாகப் பிரான்சின் பன்னிரண்டு இடங்களை உலக மரபுச் சின்னங்களில் சேர்த்தது. பிரியான்சோன் அதில் ஒன்று. ஊர் மதில், சலெத், தெத், ராண்டுயே கோட்டைகள், மூடிய கல்வழி, அஸ்ஃபெல்ட் பாலம் அனைத்தும் அந்தப் பட்டியலில் அடங்கும். கோட்டைகளில் பலவற்றுக்குள் வழிகாட்டியோடுதான் போக முடியும். கோடையில் இதற்கான நடைகளை நகரின் மரபுத்துறை ஏற்பாடு செய்கிறது. பாலத்துக்கும் மதிலடிக்கும் எவரும் தாமாகவே நடக்கலாம்.

இத்தனை கட்டியும் கோட்டை கண்ட பெரிய முற்றுகை ஒன்றே. 1815இல், வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றபின், ஆஸ்திரிய–சார்தீனியப் படை ஊரைச் சூழ்ந்தது. தளபதி எபர்லே சிறு காவற்படையோடும் ஊர் மக்களோடும் சில மாதங்கள் தாக்குப்பிடித்தார். எதிரி உள்ளே வர முடியவில்லை. நெப்போலியனின் காலம் விட்டுச்சென்ற இன்னொரு அடையாளம் கணவாய்ச் சாலை. மாவட்ட ஆட்சியர் லதுசெத்தின் முயற்சியால் அது வண்டிச்சாலையாக அகன்றது. அதன் நினைவுத்தூண் மொன்ஜெனேவ்ர் ஊரில் நிற்கிறது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலி ஒரே நாடாகி ஜெர்மனியோடு உறவு கொண்டதும், பீரங்கிகளின் வீச்சும் நீண்டதும், காவல் மேலும் மேலும் உயரே ஏறியது. 2377 மீட்டரில் அன்ஃபெர்னே கோட்டை, அதற்கும் மேலே கொந்த்ரான் கோட்டைகள். இத்தாலி சும்மா இருக்கவில்லை. மொன்ஜெனேவ்ருக்கு நேர் மேலே 3131 மீட்டர் உயரமுள்ள ஷாபெர்தோன் சிகரத்தின் தலையைச் சமப்படுத்தி, எட்டுக் கல் கோபுரங்களில் எட்டுப் பீரங்கிகளை நிறுத்தியது. அங்கிருந்து பிரியான்சோன் ஊர் உள்ளங்கையில் தெரியும். 1940 ஜூன் 10இல் இத்தாலி போர் அறிவித்தது. 21ஆம் நாள், மேகம் விலகிய நேரம் பார்த்து, லெப்டினன்ட் மிகே தலைமையில் பள்ளத்தாக்கில் மறைந்திருந்த பிரெஞ்சு 280 மில்லிமீட்டர் மோர்டார்கள் சுட்டன. ஒரே நாளில் எட்டில் ஆறு கோபுரங்கள் நொறுங்கின. சில நாளில் போர்நிறுத்தம் வந்துவிட்டது. இன்று ஷாபெர்தோன் உச்சிக்கு ஏறுகிறவர்கள் அந்த எட்டுக் கல் தூண்களையும் வரிசையாகக் காணலாம். மூச்சு வாங்கும் நீண்ட ஏற்றம். பாறைச் சரிவில் பழக்கமுள்ளவர், வானிலை தெளிந்த நாளில், அதிகாலையில் புறப்பட வேண்டும். பழைய முள்கம்பிகள் இன்னும் கிடப்பதால் பாதையை விட்டு விலகக் கூடாது.

1947இன் பாரிஸ் அமைதி உடன்படிக்கை எல்லைக்கோட்டை மீண்டும் நகர்த்தியது. ஷாபெர்தோன் சிகரமும் அதற்கு வடக்கே உள்ள வல்லே எத்ரோவாத் என்னும் குறுகிய பள்ளத்தாக்கும் பிரான்சுக்கு வந்தன. நீர்பிரி மேட்டு விதியை 1713இல் புனிதமாக்கியவர்களின் வழித்தோன்றல்களே இம்முறை அதை மீறினார்கள். குறுகிய பள்ளத்தாக்கின் நீர் இத்தாலிக்குத்தான் வழிகிறது. பனிக்காலத்தில் பிரான்சிலிருந்து சாலை மூடிவிடும், இத்தாலியின் பார்தொனெக்கியா பக்கத்திலிருந்துதான் போக முடியும். அங்குள்ள மலைவிடுதிகளில் பேச்சும் சாப்பாடும் இத்தாலியம். மெல்கியோர், பால்தசார், காஸ்பர் என்று கீழ்த்திசை ஞானியர் மூவரின் பெயர் தாங்கிய மூன்று பாறைச் சிகரங்கள் விடுதிகளுக்கு எதிரே நிமிர்ந்து நிற்கின்றன. நிர்வாகத்தில் பிரான்ஸ், வாழ்க்கையில் இத்தாலி.

அங்கே போகும் வழியே கிளாரே பள்ளத்தாக்கு. பிரியான்சோன் சுற்றுப்புறத்தில் ஒரே ஓர் இடம் பார்க்க நேரமுள்ளவர் இதைத்தான் பார்க்க வேண்டும். வால்-தெ-பிரே, நெவாஷ் ஆகிய ஊர்களில் கல்லும் மரமுமான பழைய வீடுகள், சுவரோவியக் கோயில்கள், ஓரமாகத் தெளிந்த ஆறு. அக்டோபரில் லார்ச் மரங்கள் பொன்னிறமாகும். ஊசியிலை மரமாயிருந்தும் இலை உதிர்க்கும் மரம் அது. பள்ளத்தாக்கு இப்படி நிற்பதற்கு ஒரு கிராமப் பள்ளி ஆசிரியைக்கும் நன்றி சொல்ல வேண்டும். எமிலி கார்ல் 1900இல் இங்கேயே ஓர் உழவர் வீட்டில் பிறந்து, இங்கேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, 1977இல் தம் வாழ்க்கை நினைவுகளை வெளியிட்டார். அந்தப் புத்தகம் பிரான்ஸ் முழுவதும் படிக்கப்பட்டது. கிளாரே வழியாக நெடுஞ்சாலை போடும் திட்டத்தை எதிர்த்து, தள்ளாத வயதிலும் ஊரைத் திரட்டி நின்றார். 1979இல் அவர் காலமானார். சாலை வரவில்லை. 1992இல் பள்ளத்தாக்கு பாதுகாக்கப்பட்ட இயற்கை இடமாக அறிவிக்கப்பட்டது. இறகு செருகிய ஆசிரியர்களின் மண்ணில் இப்படி ஓர் ஆசிரியை தோன்றியது இயல்பே.

மற்றத் திசைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். லோத்தரே கணவாயில், 1899இல் கிரனோபிள் பல்கலைக்கழகத்தார் தொடங்கிய ஆல்ப்ஸ் தாவரத் தோட்டம் இருக்கிறது. உலகின் பல மலைகளின் செடிகளை அங்கே ஜூலையில் பூக்கும் நிலையில் காணலாம். எதிரே 3984 மீட்டர் உயரமுள்ள மெய்ழ் சிகரமும் அதன் பனியாறுகளும். ஆல்ப்ஸின் பெருஞ்சிகரங்களில் கடைசியாக, 1877இல்தான் மனிதனுக்கு இடம் கொடுத்த மலைகளில் அது ஒன்று. தென்கிழக்கே இஸோவார் கணவாய் 2360 மீட்டர். அதன் தெற்குச் சரிவில் மரமே இல்லாத சிதைபாறைக் காடு, நடுநடுவே கூர்ந்த கற்றூண்கள். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் 1922 முதல் இங்கே ஏறிவருகிறது. கோப்பி, பொபே என்ற இரு வீரர்களுக்கு அந்தப் பாறைகளிடையே நினைவுப் பலகை உண்டு. கணவாய்க்கு அப்புறம் கெராஸ், அதன் தலையில் 2040 மீட்டரில் சேன்-வெரான் கிராமம்.

பனிக்காலத்தில் இந்த வட்டாரத்தின் பிழைப்பு பனிச்சறுக்கு. அதுவும் படைமுகாமிலிருந்து பிறந்ததே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரியான்சோன் காவற்படை, நார்வே நாட்டுப் பயிற்சியாளர்களைக் கொண்டு வீரர்களுக்கு ஸ்கீ கற்பித்தது. 1907இல் மொன்ஜெனேவ்ரில் பிரெஞ்சு ஆல்ப்ஸ் கழகம் பன்னாட்டுப் போட்டி நடத்தியது. இன்று கிசான் பள்ளத்தாக்கின் செர்-ஷெவாலியே சறுக்குத் தளத்தின் தொங்கு ஊர்திகள் பிரியான்சோன் கீழூரிலிருந்தே புறப்படுகின்றன. மொன்ஜெனேவ்ரின் சறுக்குப் பாதைகள் எல்லை தாண்டி இத்தாலியத் தளங்களோடு இணைந்திருக்கின்றன.

எல்லைக்கு அப்புறம் போகிறவருக்கு முதலில் வருவது கிளாவியேரே, பிறகு செசானா, ஊல்க்ஸ். தோரா ஆற்றோடு இறங்கினால் எக்ஸில் கோட்டை சாலையை மறித்து நிற்கிறது. இரும்பு முகமூடி மனிதன் என்று பெயர்பெற்ற மர்மக் கைதியை 1681 முதல் 1687 வரை அடைத்துவைத்த இடம் அது. அப்போது அது பிரெஞ்சுக் கோட்டை. உத்ரெக்ட்டுக்குப் பின் சவாய் கோட்டையாகி, பீரங்கிகள் பிரான்சின் பக்கம் திரும்பின. அடுத்த பள்ளத்தாக்கில் ஃபெனெஸ்ட்ரெல்லே. 1728இல் சவாய் அரசு பிரியான்சோனுக்குப் பதிலடியாகத் தொடங்கிய அந்தக் கோட்டைத் தொடர் மலைச்சரிவில் மூன்று கிலோமீட்டர் நீள்கிறது. உள்ளே சுமார் நாலாயிரம் படிகள் கொண்ட மூடிய படிவழி. பிரியான்சோன் மதிலைப் பார்த்தவர் இதையும் பார்த்தால்தான், இரண்டு அரசுகள் ஒன்றுக்கொன்று அஞ்சி எவ்வளவு கல்லைச் சுமக்க வைத்தன என்பது விளங்கும்.

1990களின் முடிவில், எல்லைச் சோதனைகளை நீக்கிய ஷெங்கன் ஏற்பாட்டால் எல்லைச் சாவடி வெறுமையானது. பழைய எஸ்கார்தோன் நாடு மீண்டும் ஒன்றாகும் போலிருந்தது. 2015 நவம்பரில் பிரான்ஸ் எல்லைச் சோதனையை மறுபடி கொண்டுவந்தது. அதன்பின் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்த அகதிகள் சாலையை விட்டு, இரவில், பனியில், மலைக்குறுக்குவழியில் ஏறத் தொடங்கினார்கள். சிலர் உறைபனியில் விரலும் காலும் இழந்தார்கள், சிலர் உயிரையே இழந்தார்கள். மலைவழிகாட்டிகளும் மருத்துவர்களும் ஊர் மக்களும் இரவில் தேடிப் போய்க் காப்பாற்றினார்கள். 2017இல் பிரியான்சோனில் தன்னார்வலர்கள் ஓர் அடைக்கல இல்லம் திறந்தார்கள். அகதிகளுக்கு உதவியதாக 2018இல் தண்டிக்கப்பட்ட எழுவரை 2021இல் கிரனோபிள் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. மலையில் சிக்கியவனை எந்த நாட்டான் என்று கேளாமல் கதவு திறப்பது இந்தப் பள்ளத்தாக்குகளின் பழைய அறம். கணவாயை ஒட்டிப் பயணிகளுக்கான தர்ம விடுதிகள் இடைக்காலத்திலிருந்தே இருந்தன. சட்டம் அந்த அறத்துக்குப் பின்னால் வர வேண்டும், முன்னால் நின்று மறிக்கக் கூடாது.

ஊருக்கு வந்துசேர இரண்டு வழிகள் உண்டு. பாரிஸிலிருந்து இரவு ரயில் காலையில் பிரியான்சோன் கீழூர் நிலையத்தில் கொண்டுவந்து விடும். 1884இல் வந்த அந்த ரயில்பாதை இங்கேயே முடிந்துவிடுகிறது, மலையைத் துளைத்து இத்தாலிக்குப் போகவில்லை. தூரின் நகரிலிருந்து வருபவர் ஊல்க்ஸ் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கணவாய் தாண்டும் பேருந்தைப் பிடிக்கலாம். கோட்டைகளுக்கும் உயர்ந்த கணவாய்களுக்கும் ஜூன் பிற்பகுதி முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். இஸோவாரும் கெராஸின் மேல்வழிகளும் மற்ற மாதங்களில் பெரும்பாலும் பனியால் மூடியிருக்கும். கோடையிலும் மாலையில் குளிர் இறங்கும், கம்பளிச் சட்டை வேண்டும். கடவுச்சீட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.

மதிலுக்குள் இருக்கும் ஊரை ஒரே நாளில் சுற்றிவிடலாம், பெரும்பாலான பயணிகள் அதோடு திரும்பிவிடுகிறார்கள். அது போதாது. கிளாரேக்கு ஒரு நாள், ஊல்க்ஸ் வழியாக எக்ஸிலுக்கும் சூசாவுக்கும் ஒரு நாள் என்று குறைந்தது இன்னும் இரண்டு நாட்களாவது ஒதுக்கிப் போகிறவரே, ஒரே நாடாக இருந்து இரண்டான இந்த மலைநாட்டை முழுதாகப் பார்த்தவர் ஆவார்.